மகளின் கைப்பேசியைக் கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன அப்பா: வாசகர் கேள்வி – பதில்

வளர்ந்த பிள்ளைகளோடு வீட்டில் எழும் பூசல்களைப் பற்றி எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி கேரள, ஆந்திர எல்லையோரத்திலிருந்து வந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியே பிரிந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் ஆகியவை கேரளத்தில் நின்றன. வடக்கே திருத்தணி 1960-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. நகரி ஆந்திரத்திலேயே இருந்துவிட்டது. அந்தப் பக்கங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் ஒரு மொழியிலும் பிள்ளைகள் வேறு மொழியிலும் பள்ளிப்படிப்பை முடிப்பது சாதாரணம் என்பதால், எல்லா வீடுகளிலும் இருக்கிற தலைமுறை இடைவெளி அங்கே இன்னும் கொஞ்சம் அகலமாகவே இருக்கிறது. நான்கு கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி இங்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. நான் பொள்ளாச்சியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். என் கணவரும் கோவையில் விடுதியில் தங்கித் தமிழில் படித்தவர். எங்கள் இருவருக்கும் மலையாளம் பேசினால் புரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. மகளுக்குப் பதினாறு வயது, பாலக்காட்டில் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தோழிகளோடு மலையாளத்தில் பேசுகிறாள், நாங்கள் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது கணவர் அவளுடைய போனை எடுத்துக்கொண்டு போய், தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்து வாட்ஸ்அப் செய்திகளைப் படித்துச் சொல்லச் சொன்னார். தப்பாக ஒன்றும் இல்லை. ஒரு தோழி தன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிரியப்போவதைப் பற்றி அழுது எழுதியிருந்தாள். அதற்கு எங்கள் மகள், "எங்கள் வீட்டிலும் அப்பாவிடம் எதையும் சொல்ல முடியாது, கத்துவார்" என்று பதில் போட்டிருந்தாள். கடையில் வேறு இருவரும் நின்றிருந்தார்கள். விஷயம் மகளின் காதுக்கு வந்துவிட்டது. ஒரு மாதமாக அவள் அப்பாவோடு பேசவில்லை, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை. கணவரோ "பெற்றவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா, இனி வீட்டில் தமிழில்தான் பேச வேண்டும்" என்கிறார். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

பதில்: அம்மா, உங்கள் கணவரின் மனத்தில் இருப்பது கெட்ட எண்ணமில்லை, அச்சம் என்பதை நான் நம்புகிறேன். தன் வீட்டுக்குள்ளேயே தன்னால் படிக்க முடியாத எழுத்தில் மகளுடைய வாழ்க்கை ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் தகப்பனுக்குப் பதற்றம் வருவது இயல்பு. ஆனாலும் அவர் செய்தது பெரிய தவறு, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதுதான் உங்கள் குடும்பத்துக்கு நல்லது. பெற்றோர் பார்த்திருந்தால்கூட உங்கள் மகள் நான்கு நாள் கோபித்துக்கொண்டு பிறகு சமாதானமாகியிருப்பாள். இங்கே அவள் அந்தரங்கமாக எழுதியதை ஊர்க்காரர் ஒருவர் நாலு பேர் கேட்க வாய்விட்டுப் படித்திருக்கிறார். அதிலும் பாதி அவளுடைய ரகசியமே இல்லை. நம்பிச் சொன்ன இன்னொரு பெண்ணின் குடும்ப வேதனை. தன்னால் தோழியின் மானம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது என்ற குற்ற உணர்வும் அந்த மௌனத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே முதலில் நடக்க வேண்டியது, உங்கள் கணவர் மகளிடம் மன்னிப்புக் கேட்பது. உங்கள் மூலமாகச் சொல்லி அனுப்புவதோ, "நீயும் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்று வால் சேர்த்துச் சொல்வதோ பயன்படாது. "உன் போனை எடுத்தது தப்பு, அதை வெளியாளிடம் காட்டியது அதைவிடத் தப்பு, இனிச் செய்யமாட்டேன்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் போதும். அவள் உடனே பேசாமல் போகலாம், பேசும்வரை பொறுத்திருக்கட்டும். கடைக்காரரைத் தனியாகச் சந்தித்து, கேட்டதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும் அவருடைய பொறுப்பே. கத்துவார் என்று மகள் எழுதியிருந்ததற்கு அவர் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த முறை அவள் ஏதாவது சொல்ல வரும்போது குரலை உயர்த்தாமல் கேட்டாலே போதும்.

இந்த வயதில் பிள்ளைகள் பெற்றோரைவிட நண்பர்களை நாடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. உணர்ச்சியையும் பரபரப்பையும் தூண்டும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே வேகமெடுத்துவிடுகின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்து நிதானிக்க உதவும் முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. இதனால் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் உண்மையாகின்றன: பிள்ளைக்குத் தனியிடம் வேண்டும், அந்தத் தனியிடத்துக்கு ஒரு வேலியும் வேண்டும். அந்த வேலியை அவளுக்குத் தெரிந்தே போடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் எல்லோருடைய போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கும் என்று முடிவு செய்தால், அதில் அப்பாவுடைய போனும் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத பெரியவர் யாராவது தொடர்பு கொண்டாலோ, பணம் கேட்டாலோ, படத்தைக் காட்டி மிரட்டினாலோ உடனே சொல்ல வேண்டும், சொன்னால் வீட்டில் திட்டு விழாது என்று வாக்குக் கொடுங்கள். அப்படிப்பட்ட ஆபத்து வந்தால் 1098 என்ற சிறார் உதவி எண்ணை அழைக்கலாம். போனைத் திறந்து பார்க்க நேர்ந்தாலும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளே படித்துச் சொல்லப் பாருங்கள்.

வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும் என்ற கட்டளையை உங்கள் கணவர் கைவிடட்டும். காலை பஸ் ஏறியதிலிருந்து மாலை வரை அவளுடைய நாள் மலையாளத்தில் கழிகிறது. அந்த நாளைத் தோழியோடு பேச அவள் அந்த மொழியைத்தான் எடுப்பாள். உங்களோடு அவள் பேசுவது தமிழில்தானே? அந்தப் பேச்சு குறைந்துபோனதுதான் உங்கள் உண்மையான இழப்பு. அதைத் தண்டனை விதியாக மாற்றினால் உங்கள் வீட்டில் தமிழ் என்பது திட்டு வாங்கும் மொழியாகிவிடும். தேங்காய் விலை, தோப்புக் கணக்கு, பாட்டி வீட்டுத் திருவிழா என்று அவளையும் பெரிய மனுஷியாக வைத்துப் பேசுங்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தோப்பு வரவுசெலவு தெரிந்திருப்பதில் தவறே இல்லை.

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறேன், வயது பதினேழு. அப்பா இரண்டு விஷயத்தில் என்னை வாட்டுகிறார். பைக் சாவியைத் தரமாட்டேன் என்கிறார். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் டியூஷனுக்கு என் கூட்டாளிகள் எல்லோரும் பைக்கில்தான் வருகிறார்கள். முடியை ஒட்ட வெட்டச் சொல்லி, போன மாதம் சலூனில் பக்கத்தில் நின்றே வெட்ட வைத்தார். இரண்டிலும் அவர் பழைய காலத்து ஆள் போல நடக்கிறார்.

பதில்: தம்பி, பைக்கில் அப்பா சொல்வதுதான் சரி, அதில் காலத்துக்கு ஒன்றும் சம்பந்தமில்லை. கியர் வண்டி ஓட்ட உரிமம் பதினெட்டு வயதில்தான் கிடைக்கும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. இந்தச் சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். உங்கள் கூட்டாளிகளின் பெற்றோர் பெரிய ஆபத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். பிறந்தநாள் வரை பொறுத்திருந்து, பழகுநர் உரிமம் எடுத்து, அப்பாவையே பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பழகுங்கள்.

முடி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பள்ளி விதி ஒன்று இருந்தால் அதற்கு உட்பட்டு நடக்க வேண்டும். அதற்கு மேல் அது உங்கள் தலை. ஐயா, மகன் இதை உங்களிடம் காட்டினால், ஒரு வார்த்தை: மாறக்கூடியவற்றில் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தால், மாற்ற முடியாத சேதம் வரக்கூடிய இடத்தில் நீங்கள் "கூடாது" என்று சொல்லும்போது அதற்கு எடை இருக்கும். முடி எப்படியும் வளர்ந்துவிடும்.

கேள்வி: நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. மகன் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததால், கடன் வாங்கி வெளியூரில் ஹாஸ்டலோடு சேர்ந்த கல்லூரியில் இண்டர் முதல் வருஷம் (உங்கள் பக்கத்து ப்ளஸ் ஒன்) எம்.பி.சி., அதாவது கணக்கு, இயற்பியல், வேதியியல் பிரிவில் சேர்த்தேன். சங்கராந்திக்கு வந்தவன் திரும்பிப் போகமாட்டேன் என்கிறான். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. "ராத்திரி பகலாகத் தறி ஓட்டி உனக்குக் கட்டியிருக்கிறேன்டா" என்றேன். "உங்களுக்கு என்ன நைனா தெரியும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். அந்த வார்த்தை நெஞ்சில் நிற்கிறது.

பதில்: அண்ணே, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து அவன் வாய்க்கு வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "எனக்குப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, நீயாவது படித்து முன்னுக்கு வா" என்று படிக்காத பெற்றோர் பிள்ளையிடம் ஆயிரம் முறை சொல்கிறார்கள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அன்பினால் சொன்னதுதான். பிள்ளையோ அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கஷ்டம் வரும் நாளில் சொன்னாலும் இவருக்குப் புரியாது என்று வாயை மூடிக்கொள்கிறது. உங்களுக்குக் கணக்குப் பாடம் தெரியாமல் இருக்கலாம். மனிதன் தூக்கமில்லாமல் வேலை செய்தால் என்ன ஆவான் என்பது இரவு ஷிப்ட் பார்த்த உங்களைவிட யாருக்குத் தெரியும்? அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

காரணம் கேட்கும்போது "ஏன் போகமாட்டாய்?" என்று கேட்காமல், அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறான், சாப்பாடு இறங்குகிறதா, பரீட்சை மார்க்கை எல்லோர் முன்னாலும் வாசிக்கிறார்களா, யாராவது அடிக்கிறார்களா, தெலுங்கில் நடத்தும் பாடம் புரிகிறதா என்று ஒவ்வொன்றாக வரட்டும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அந்த வயதில் தூக்கம் வரும் நேரமே உடலில் பிந்திவிடுகிறது. பதினொரு மணிக்குத்தான் கண் செருகும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்க உட்கார வைத்தால் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் கடன் விழுகிறது. மாதக்கணக்கில் அப்படி இருந்த பிள்ளைக்கு எரிச்சலும் மறதியும் அழுகையும் வருவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லக் கூடாது.

இதில் ஒன்றை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, "நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்பது போல ஏதாவது சொன்னாலோ, பிடித்த பொருள்களை எடுத்து மற்றவருக்குக் கொடுத்தாலோ, இரவெல்லாம் விழித்துக் கிடந்தாலோ, கல்லூரிப் பேச்சையே எடுக்காமல் அவனைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். கட்டிய பீஸ் போய்விடுமே என்ற நினைப்பு அந்த நேரத்தில் உங்களை ஆளவிடாதீர்கள்.

அப்படிப்பட்ட ஆபத்து எதுவும் இல்லை என்றால், பத்து நாள் வீட்டில் தூங்கி எழட்டும். பிறகு கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அடுத்த தவணை எப்போது என்பதை மறைக்காமல் அவன் முன்னால் வையுங்கள். பயமுறுத்துவதற்காக வேண்டாம், அவனும் கணக்குப் பார்த்து முடிவு செய்வதற்காக. அதே எம்.பி.சி.யை நகரியிலோ புத்தூரிலோ வீட்டிலிருந்து போய்வரும் கல்லூரியில் தொடர முடியுமா என்று விசாரியுங்கள். அவனுக்குக் கணக்கே பிடிக்கவில்லை என்றால் அதுவும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எம்.பி.சி. முடித்தவன் பொறியியலுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பி.காம்., பி.எஸ்சி. என்று பல வழிகள் திறந்தே இருக்கின்றன. எங்கே படிப்பது, எதைப் படிப்பது என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

கேள்வி: மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நானும் சில வருஷத்தில் ஓய்வு பெறுவேன், அதோடு எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, லயத்து வீட்டை, காலி செய்ய வேண்டும். எங்கள் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம். மகள் ப்ளஸ் டூ எழுதப்போகிறாள், பதினேழு வயது. பெங்களூரில் நர்சிங் படிக்கப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். என் அண்ணன் மகனுக்குக் கேட்கிறார்கள். நிச்சயம் செய்து வைத்தால் ஓய்வுக்குப் பிறகு ஊரில் எங்களுக்கும் ஒரு ஆதரவு என்று நினைத்தேன். அதைச் சொன்னபோது, "2015-ல நீங்க யாரைக் கேட்டு ரோட்டுல போய் உக்காந்தீங்க? நான் மட்டும் எல்லாரையும் கேட்கணுமா?" என்றாள். கை நீட்டிவிட்டேன். நான் அந்தப் போராட்டத்தில் இருந்தது உண்மைதான். அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: தாயி, வாசகர்களுக்காக ஒரு செய்தி. 2015 செப்டம்பரில் மூணாற்றின் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு, தாங்களே கூடி ஒன்பது நாள் சாலையை அடைத்து உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கினார்கள்; பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற அவர்கள் அமைப்பின் பெயர் கேரளம் முழுவதும் ஒலித்தது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உங்கள் மீது மரியாதை கூடியது.

அதுவும் இதுவும் முழுக்க ஒன்றல்ல. நீங்கள் பெரியவர், உழைத்த கூலிக்காகப் போனீர்கள், உங்களோடு ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். ஆனால் உங்கள் மகள் அந்தக் கேள்வியை உங்களை அவமானப்படுத்தக் கேட்டாள் என்று நான் நினைக்கவில்லை. அப்போது சின்னப் பிள்ளையாக இருந்தவள், அம்மா பயப்படாமல் சாலையில் உட்கார்ந்ததைப் பார்த்து மனத்தில் பதித்து வைத்திருக்கிறாள். அந்த வீட்டில் தைரியத்துக்கு அவளுக்குத் தெரிந்த உதாரணம் நீங்கள்தான். அடித்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். அன்று எதற்காகப் போனீர்கள், இரவில் என்ன பயம் இருந்தது, வீட்டில் யார் யார் திட்டினார்கள் என்று அவளுக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லையென்றால் இப்போது சொல்லுங்கள். தீர்மானத்தை எடுக்கும் முன் நீங்கள் எதையெல்லாம் எண்ணிப் பார்த்தீர்கள் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் இது.

அடுத்து, வீட்டைப் பற்றிய பயத்தை அவளிடம் மூடி மறைக்காதீர்கள். தோட்டத் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி நிர்வாகம் வீடு தருகிறது. வேலை போனால் வீடும் போகிறது. மூன்று நான்கு தலைமுறை அங்கே உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை இல்லாமல் போவது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து. ஆனால் அந்த அநியாயத்துக்கான விலையைப் பதினேழு வயதுப் பெண்ணின் கல்யாணத்தால் கட்ட முடியாது. பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். நிச்சயம் மட்டும்தானே என்பீர்கள். நிச்சயம் ஆனபின் படிப்பை நடுவில் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்கள் கையை விட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும். சொந்தத்துக்குள் கட்டுவதால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோய்களின் வாய்ப்பு கூடுவதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முன்னறையும் அடுக்களையும் உள்ள லயத்து வீட்டில், போனில் பேசவும் அழவும்கூட குளிரில் வாசலுக்குப் போக வேண்டியிருக்கிற பெண்ணுக்கு, தனக்கென்று ஒரு வழி வேண்டும் என்ற தவிப்பு எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே நேரம் மகளிடமும் சிலவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பெங்களூர் என்று பெயர் சொன்னால் போதாது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு என்று எழுதிக் காட்டட்டும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா மூன்று ஆண்டு. பி.எஸ்சி.க்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். கேரளத்தில் பி.எஸ்சி. நர்சிங்கின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அந்த மாநில அரசின் எல்.பி.எஸ். மையம் விண்ணப்பம் வாங்குகிறது. வெளிமாநிலம் என்று முடிவு செய்யும் முன் அதற்கு அவள் விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்பது உங்கள் முதல் நிபந்தனையாக இருக்கட்டும். கர்நாடகத்தில் சேருவதென்றால் அந்தக் கல்லூரிக்கு அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, பி.எஸ்சி. என்றால் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டேட்டுக்கே வந்து இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டிடம் முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். சான்றிதழ்களின் அசலை அவர் கையில் கொடுக்கவே கூடாது. கல்விக் கடனில் 4 லட்சம் வரை நாம் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணையம் இல்லாமல் வங்கிகள் தருகின்றன. அதை அடைக்கப்போவது அவள்தான் என்பதால் மாதத் தவணை எவ்வளவு வரும் என்று அவளே வங்கியில் கேட்டு வரட்டும்.

உங்கள் அண்ணனிடம் "பிள்ளை படிக்கட்டும், பிறகு அவளையே கேட்டுக்கொள்வோம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சை மகள் வாயால் வரவிட்டால் உறவு கசந்துபோகும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். விடுதி அறை, குளியலறை, வார்டன், பக்கத்து ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் உங்கள் கண்ணால் பார்த்து, அங்கே படிக்கிற நம் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.